பதினான்கு பந்துகளும் இரண்டு இளைஞர்களும்

2016 டிசம்பரின் கடைசி வாரம். கனடாவின் மான்ட்ரியால் நகரில் இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலக ஐஸ் ஹாக்கிப் போட்டி நடந்தது. முந்தைய ஆண்டு சொந்த மண்ணில் தங்கம் வென்ற பின்லாந்து, நடப்பு சாம்பியன் என்ற பெயரோடு வந்து இறங்கியது. செக் குடியரசிடம் தோல்வி. டென்மார்க்கிடம் தோல்வி. ஸ்வீடனிடமும் தோல்வி. போட்டி முடிவதற்குள்ளாகவே பயிற்சியாளர் யுக்கா ரவுத்தகோர்பியை நீக்கிவிட்டார்கள். பதக்கத்தை மறந்துவிட்டு, கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படாமல் தப்பிக்க லாட்வியாவோடு மோத வேண்டிய நிலை. தப்பித்தார்கள், அவ்வளவுதான்.

அந்த அணியின் கேப்டன் ஒல்லி யுவோலெவிக்கு அப்போது 18 வயது. அதே தற்காப்பு வரிசையில் அவரைவிட ஒரு வயது இளையவராக மீரோ ஹெய்ஸ்கனென் இருந்தார். இருவரும் ஹெல்சிங்கியும் எஸ்போவும் சேர்ந்த அந்தத் தலைநகர வட்டாரத்துப் பிள்ளைகள். பெயரிலும் பதவியிலும் அன்று முன்னால் நின்றவர் யுவோலெவிதான்.

இன்று ஹெய்ஸ்கனென் உலகின் சிறந்த தற்காப்பு வீரர்களில் ஒருவராக எண்ணப்படுகிறார். யுவோலெவி என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீகில் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 41. இந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு? ஒருவன் அடைந்ததில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு அவனுக்கு வாய்த்தது? மதங்களும் தத்துவங்களும் காலங்காலமாக மல்லுக்கட்டும் இந்தக் கேள்விக்கு, இந்த இருவரின் தொடக்க ஆண்டுகளைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு விளையாட்டு உலகில் எளிதில் அகப்படாது.

யுவோலெவியின் உயர்விலிருந்தே தொடங்கலாம். 2016 ஜனவரியில் ஹெல்சிங்கியில் நடந்த இறுதியாட்டத்தில் பின்லாந்து ரஷ்யாவைக் கூடுதல் நேரத்தில் 4–3 என்று வீழ்த்தியது. அந்தத் தொடரில் பதினேழே வயதான யுவோலெவி ஏழு ஆட்டங்களில் ஒன்பது கோல்களுக்கு வழி அமைத்துக் கொடுத்தார், அதாவது ஒன்பது அசிஸ்ட். தற்காப்பு வீரனுக்கு அது பெரிய கணக்கு. அதே ஆண்டு மே மாதம், கனடாவின் லண்டன் நைட்ஸ் அணியோடு இளையோருக்கான மெமோரியல் கோப்பையையும் வென்றார். ஜூன் மாதம் என்.எச்.எல். டிராஃப்டில், அதாவது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், வான்கூவர் அணி அவரை ஐந்தாவது இடத்தில் எடுத்தது. அந்த வருடம் முதல் ஐந்து பேரில் மூன்று பேர் பின்லாந்துக்காரர்கள். சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாடு அது.

ஹெய்ஸ்கனென் வந்த பாதையில் இவ்வளவு வெளிச்சம் இல்லை. 1999 ஜூலை 18-ல் எஸ்போவில் பிறந்தவர். ஹெல்சிங்கியின் பழம்பெரும் ஹெச்.ஐ.எஃப்.கே. அணிக்காக 2016–17 பருவத்தில் பின்லாந்தின் முதன்மை லீகான லீகாவில் வளர்ந்த ஆட்களோடு ஆடத் தொடங்கினார். 37 ஆட்டங்கள், 5 கோல், 5 அசிஸ்ட். பதினேழு வயதுக்கு நல்ல கணக்கு. ஆனால் ஊரைக் கூட்டும் கணக்கல்ல. 2017 ஏப்ரலில் ஸ்லோவாக்கியாவில் நடந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டிதான் எல்லாரையும் அவர் பக்கம் திருப்பியது. ஏழு ஆட்டங்களில் கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து 12 புள்ளிகள் எடுத்து, தொடரின் சிறந்த தற்காப்பு வீரர் என்ற பட்டத்தோடு ஊர் திரும்பினார்.

இங்கேதான் பந்துகள் வருகின்றன.

டிராஃப்டில் எந்த அணி முதலில் தேர்ந்தெடுப்பது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஒரு காலத்தில் கடைசி இடம் பிடித்த அணிக்கே முதல் உரிமை இருந்தது. அப்படியானால் வேண்டுமென்றே தோற்று நல்ல பையனைத் தட்டிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் எழும்; எழுந்தது. அதைத் தடுக்க 1995-ல் லாட்டரி வந்தது. ஓர் எந்திரத்தில் 14 பந்துகள் சுழலும். நான்கு வெளியே வரும். அந்த நான்கு எண்களின் சேர்க்கைகள் 1,001. அதில் ஒன்றை ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள ஆயிரத்தைத் தோல்வியின் அளவுக்கேற்ப அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2017-ல் படுமோசமாக ஆடிய கொலராடோவுக்கு முதலிடம் கிடைக்க 18 சதவீத வாய்ப்பு இருந்தது. எட்டாவது இடத்தில் நின்ற டாலஸ் ஸ்டார்ஸுக்கு 5.8 சதவீதம். பிலடெல்பியாவுக்கு வெறும் 2.2.

பந்துகள் வெளியே வந்தன. முதலிடம் நியூஜெர்சிக்கு, இரண்டாவது பிலடெல்பியாவுக்கு, மூன்றாவது டாலஸுக்கு. முன்வரிசையில் நின்ற கொலராடோ நான்காவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. ஜூன் மாதம் சிகாகோவில் டாலஸ் தன் முறை வந்ததும் ஹெய்ஸ்கனெனின் பெயரைச் சொன்னது. எந்திரத்தில் ஒரு பந்து சற்றே வேறு மாதிரி உருண்டிருந்தால், அவர் வேறு ஊருக்கு, வேறு பயிற்சியாளரிடம், வேறு மருத்துவரிடம், வேறு பொறுமையுள்ள நிர்வாகத்திடம் போயிருப்பார். டாலஸ் அவசரப்படவில்லை, இன்னொரு பருவம் ஹெல்சிங்கியிலேயே ஆடட்டும் என்று விட்டது. அந்தப் பருவத்தில் அவர் 30 ஆட்டங்களில் 11 கோல் அடித்தார்; 18 வயதிலேயே பியோங்சாங் ஒலிம்பிக்கில் தேசிய அணிக்காக ஆடினார். 2018 அக்டோபரில் டாலஸில் களமிறங்கியபோது அவர் ஆள் ஆகிவிட்டிருந்தார்.

அந்த முதல் பருவத்தில் 82 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. 12 கோல், 21 அசிஸ்ட். அறுபது நிமிட ஆட்டத்தில் சராசரியாக 23 நிமிடம் பனியில் நின்றார். பத்தொன்பது வயதுத் தற்காப்பு வீரனுக்கு இது எவ்வளவு அரிது என்பது ஹாக்கி பார்ப்பவர்களுக்குத் தெரியும். கோல் அடிக்கும் வீரன் ஐந்து தவறு செய்து ஒருமுறை வென்றால் நாயகன். தற்காப்பு வீரன் ஐம்பது முறை சரியாகச் செய்து ஒருமுறை சறுக்கினால் அந்தச் சறுக்கல்தான் இரவுச் செய்தியில் வரும். எதிராளி வேகமெடுத்து வரும்போது பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே இடைவெளியை அளக்க வேண்டும். மோதலாமா, மட்டையை நீட்டலாமா என்று அரைக் கணத்தில் முடிவெடுக்க வேண்டும். அந்த நிதானம் பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில்தான் வரும் என்பார்கள். ஹெய்ஸ்கனெனிடம் அது முன்னதாகவே இருந்தது.

இனி யுவோலெவி. 2018 ஜூனில் முதுகில் அறுவைச் சிகிச்சை. தேறி வந்து, வான்கூவரின் கீழ்நிலை அணியான யூட்டிகாவுக்காக ஆடத் தொடங்கினார். 18 ஆட்டங்களில் 13 புள்ளிகள். ஆட்டம் கைவந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அப்போது முட்டி போனது. அத்தோடு அந்தப் பருவம் முடிந்தது. ஹெய்ஸ்கனென் டாலஸில் 82 ஆட்டங்களையும் ஆடி முடித்த அதே பருவம். 2021-ல்தான் வான்கூவரின் வழக்கமான பருவ ஆட்டத்தில் யுவோலெவியால் கால்வைக்க முடிந்தது. பிறகு புளோரிடா, பிறகு டெட்ராய்ட். 41 ஆட்டங்களோடு கணக்கு நின்றது. அவருக்கு அடுத்த இடத்தில், ஆறாவதாக, கால்கரி எடுத்த மாத்யூ தக்கச்சுக் பிற்பாடு புளோரிடாவோடு என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையை இருமுறை வென்றார். இந்த இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துத்தான் வான்கூவர் ரசிகர்கள் இன்றுவரை பேசுகிறார்கள். அவர்கள் வாயில் வரும் சொல் ‘பஸ்ட்’. நம் பேச்சில் சொன்னால், சொத்தை.

அந்தச் சொல்லைத்தான் இங்கே நிறுத்தி வைத்து விசாரிக்க வேண்டும்.

காய் சொத்தை என்றால் குற்றம் காயின் உள்ளே இருக்கிறது. மனிதனை அப்படிச் சொல்லும்போது, நேர்ந்ததை அவன் குணமாக மாற்றிவிடுகிறோம். முட்டி காயப்பட்டதை ஓர் ஒழுக்கக் குறைபாடுபோலப் பேசுகிறோம். 1976-ல் ஆங்கில மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸும் அமெரிக்கர் தாமஸ் நேகலும் இதே வழுக்கலைத்தான் ஒரே தலைப்பில் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய எடுத்துக்காட்டைச் சற்றே நம் சாலைக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்: இரண்டு லாரி ஓட்டுநர்கள் பிரேக்கைச் சரிபார்க்காமல் கிளம்புகிறார்கள். ஒருவர் பத்திரமாக வீடு சேர்கிறார். இன்னொருவரின் வண்டிக்குக் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. அலட்சியம் ஒன்றுதான். ஆனால் உலகம் ஒருவரை மறந்துவிடுகிறது, மற்றவரைச் சாகும்வரை குற்றவாளியாக நிறுத்துகிறது. விளைவில் மட்டுமல்ல, பிறந்த இயல்பிலும், அமைந்த சூழலிலும், நம்மை உருவாக்கிய முன்காரணங்களிலும் தற்செயல் புகுந்து கிடக்கிறது என்று நேகல் நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார்.

விளையாட்டில் இந்த நான்கும் கண்கூடு. கனடிய உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி 1980-களில் கவனித்த ஒன்றே போதும்: தேர்ந்த ஹாக்கி வீரர்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருந்தார்கள். சிறுவர் அணிகளுக்கு வயதுக் கணக்கு ஜனவரி முதல் தேதியிலிருந்து தொடங்குகிறது. ஜனவரிப் பிள்ளை டிசம்பர்ப் பிள்ளையைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன்; எட்டு வயதில் அது ஒரு பிடி உயரம். உயரமானவன் தேர்வாகிறான், தேர்வானவனுக்குக் கூடுதல் பயிற்சி, கூடுதல் பயிற்சி பெற்றவன் உண்மையிலேயே மேலானவன் ஆகிறான். மாதம் கடைசியில் திறமை ஆகிவிடுகிறது. ஹெய்ஸ்கனென் ஜூலையில் பிறந்தவர். இந்தச் சலுகை அவருக்கு இல்லை. எஸ்போவில் பிறந்த சலுகை இருந்தது.

மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971-ல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டில் ஒரு படி மேலே போனார். பிறவித் திறமை யாரும் சம்பாதித்ததல்ல என்பது எல்லாரும் ஒப்புக்கொள்வதுதான். பாடுபடும் மனமே குடும்பத்தாலும் வளர்ப்பாலும் வாய்ப்பது என்று அவர் வாதிட்டபோதுதான் பலர் திடுக்கிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து இன்னொரு மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் ஒரு விளையாட்டு வீரரையே முன்னிறுத்தி மறுத்தார். கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லேனைக் காண பத்து லட்சம் பேர் தலைக்கு 25 சென்ட் மனமுவந்து கொடுத்தால், அந்த இரண்டரை லட்சம் டாலர் அவருடையதுதானே, யாருக்கு அதில் என்ன வழக்கு என்று கேட்டார்.

பணத்தைப் பொறுத்தவரை நோசிக்கிடம் ஞாயம் இருக்கிறது. 2021-ல் டாலஸ் ஹெய்ஸ்கனெனோடு எட்டு ஆண்டுக்கு 6 கோடியே 76 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. தருபவர் விரும்பித் தந்தார், பெறுபவர் ஆடிக் காட்டிப் பெற்றார். அதில் பிறர் தலையிட ஒன்றுமில்லை. ஆனால் காசு கொடுப்பது ஒன்று, மனிதனுக்கு மதிப்புப் போடுவது வேறொன்று. ஒருவருக்குக் கூடுதல் விலை கிடைத்தது என்பதிலிருந்து மற்றவர் குறைந்தவர் என்ற முடிவுக்குப் போக நோசிக்கின் வாதம் வழிவிடவில்லை. நாம்தான் தாண்டிக் குதித்துப் போகிறோம்.

கான்ட் இருந்திருந்தால் அந்தத் தாவலை ஒரே வார்த்தையில் மறித்திருப்பார். 1785-ல் வந்த அவருடைய அறவியல் நூல், நல்லெண்ணம் ஒன்றையும் சாதிக்க முடியாமல் போனாலும் தன்னிலேயே மணிபோல் ஒளிரும் என்கிறது. அறத்துக்கு அது பொருந்தும். ஆனால் ஹாக்கி நல்லெண்ணப் போட்டி அல்ல. ஹெல்சிங்கியில் பிறந்து, கேம்பிரிட்ஜில் விட்கென்ஸ்டைனின் நாற்காலியில் அமர்ந்த கியோர்க் ஹென்ரிக் ஃபான் ரிக்ட் இங்கே உதவிக்கு வருகிறார். நன்மையின் வகைகளைப் பற்றி 1963-ல் அவர் எழுதிய நூலில், ஒரு தொழிலில் ‘நல்லவன்’ என்பதையும் மனிதனாக ‘நல்லவன்’ என்பதையும் தனித்தனி வகையாக வைத்தார். நல்ல தச்சன், நல்ல ஓட்டக்காரன், நல்ல தற்காப்பு வீரன் ஆகியோரின் நன்மை செய்துகாட்டும் போட்டியில் தெரிவது. அந்த அளவுகோலில் ஹெய்ஸ்கனென் மேலானவர் என்பதில் ஐயமில்லை. 2020-ல் எட்மண்டனின் ஆளில்லா அரங்கில் டாலஸ் இறுதிச் சுற்றுவரை போனபோது, 21 வயதில் 27 ஆட்டங்களில் 26 புள்ளிகள் எடுத்தவர் அவர். அதைப் பந்துகள் எடுக்கவில்லை, அவர் எடுத்தார். தற்செயல் எல்லாவற்றிலும் இருக்கிறது என்பதற்காக, செய்தவனிடமிருந்து செயலைப் பிடுங்கிக்கொள்வது இன்னோர் அநீதி.

ஆக, ரால்ஸ் சொன்னது முழுவதும் சரியென்றால் புகழ்வதற்கு ஆளே இல்லை. நோசிக் சொன்னது மட்டும் போதுமென்றால் இரங்குவதற்கு ஆளே இல்லை. மனிதர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

பின்லாந்துக்காரர்கள் இந்த நடுவிடத்தில் இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று ‘சிசு’. குடலை, உள்ளுறுப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல். பலம் தீர்ந்த பிறகும் தாக்குப்பிடிக்கும் உள்ளுரம் என்று பொருள். 1939–40 குளிர்காலப் போரில் சோவியத் படையை எதிர்த்து நின்றபோது அது ஒரு நாட்டின் அடையாளமாகவே ஆனது. இன்னொன்று லுத்தரன் திருச்சபை கற்றுக்கொடுத்த அருள். விட்டன்பர்க்கில் பயின்ற மிக்கேல் அக்ரிகோலா 1548-ல் புதிய ஏற்பாட்டைப் பின்னிஷ் மொழியில் தந்த நாள்முதல், மீட்பு மனிதனின் உழைப்புக்குக் கூலியாக வருவதல்ல, கொடையாக வருவது என்பதைக் கேட்டு வளர்ந்த சமூகம் அது. இன்றும் நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தச் சபையின் உறுப்பினர்கள். ஒரு சொல் முயற்சியின் உச்சம். மற்றது முயற்சியின் எல்லை. இரண்டையும் ஒரே மக்கள் விடாமல் பற்றியிருப்பதை முரண் என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

வள்ளுவரும் இரண்டையும் விடவில்லை. அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தோடு முடித்தார். ஊழைவிட வலியது எது என்று அங்கே கேட்டவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கு வந்ததும், தெய்வத்தால் ஆகாதபோதும் உழைத்த உடம்புக்கு உழைத்த அளவு பலன் உண்டு என்கிறார். உரையாசிரியர்கள் இவற்றைப் பொருத்திக் காட்டப் பாடுபட்டிருக்கிறார்கள். பொருத்தாமல் விட்டாலும் பொருள் கெடாது. ஊழ், பிறரை அளக்கும்போது கையில் இருக்க வேண்டியது. ஆள்வினை, தன்னை அளக்கும்போது. விழுந்தவனிடம் ‘நீ முயலவில்லை’ என்பதும், தான் சோம்பிக் கிடந்துவிட்டு ‘விதி’ என்பதும், அளவுகோலை மாற்றிப் பிடிக்கும் தவறுகள். ஹெல்சிங்கியில் ஒருவர் இந்தக் குறள்களைத் தம் மொழியிலேயே படிக்கலாம். பென்டி ஆல்டோ 1972-ல் பின்னிஷில் மொழிபெயர்த்திருக்கிறார்.

ஊழின் கணக்கு அவசரத்தில் எழுதப்படுவதல்ல என்பதற்கு அதே 2017 டிராஃப்ட் சாட்சி. குலுக்கலில் அதிர்ஷ்டம் அடித்ததாகக் கொண்டாடிய பிலடெல்பியா எடுத்தது நோலன் பேட்ரிக்கை. ஒற்றைத் தலைவலி நோயால் ஒரு முழுப் பருவத்தை இழந்த அவர், 222 ஆட்டங்களோடு களத்தை விட்டுப் போனார். நான்காவது இடத்துக்குத் தள்ளப்பட்டு நொந்த கொலராடோவுக்குக் கிடைத்தவர் கேல் மக்கார். 2022-ல் அந்த அணிக்கு ஸ்டான்லி கோப்பை வந்தது, இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரரும் அவரே. வாய்ப்பு எது, இழப்பு எது என்று அந்தப் பந்துகள் உருண்ட அன்று எவராலும் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோற்ற அணிக்கு ஈடுகட்டவே டிராஃப்ட் இருக்கிறது. அதில் ஏமாற்று நுழையாமலிருக்கவே லாட்டரி இருக்கிறது. பணக்கார அணி எல்லாரையும் வாங்கிக் குவிக்காமலிருக்க 2005 முதல் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. துரதிர்ஷ்டம் தாக்கிய நிறுவனங்களுக்கு இந்த லீக் எவ்வளவு கரிசனத்தோடு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது! இருபது வயதில் உடம்பு ஏமாற்றிய பையனுக்கு அதே மனிதர்கள் வைத்திருப்பது ஒரு வசைச்சொல்.

2025 ஜனவரி 28 அன்று வேகாஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில், எதிரணி வீரர் ஒருவர் நிலைதவறி ஹெய்ஸ்கனெனின் காலில் விழுந்தார். முட்டி போனது. அறுவைச் சிகிச்சை. மிச்சமிருந்த பருவ ஆட்டங்கள் அத்தனையும் போயின. மே மாதம், இறுதிச் சுற்றுகளின் இரண்டாம் கட்டத்தில் அவர் மறுபடி பனியில் இறங்கினார். அப்போது அவருக்கு 25 வயது. பின்னால் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள், கையில் நீண்ட ஒப்பந்தம். காத்திருக்க அணி தயாராக இருந்தது, யாரும் அவரைச் சொத்தை என்று சொல்லவில்லை. யுவோலெவியின் முட்டி போனபோது அவருக்கு 20 வயது. என்.எச்.எல்.லில் அவர் அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

ஒவ்வொரு கோடையிலும் புதிய டிராஃப்ட் வருகிறது; கூடவே பழைய டிராஃப்டுகளின் ‘மோசமான தேர்வுகள்’ என்ற பட்டியல்களும் வருகின்றன. அதை எழுதப் போகிறவர்கள், ஐந்தாவது இடத்தில் எடுக்கப்பட்ட பையனின் பெயருக்கு எதிரே அந்தச் சொல்லைப் போடுமுன், 2018-ம் ஆண்டில் அவன் எத்தனை மாதம் நொண்டி நடந்தான் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதட்டும்.